ஒன்றிய ஜீப்பில் போன விசாரணை

எனக்குப் பின்னால் இந்த நாற்காலியில் உட்காரப் போகிற நண்பர்களே, சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களைத் தேடி ஒரு ஜீப் வரும். ஏறிவிடாதீர்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு அனுப்ப மாட்டார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும். நீங்கள் போக வேண்டிய ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து, சாயங்காலம் ஒரு பேருந்து என்று இருக்கும். "எதுக்குத் தம்பி கஷ்டப்படுறீங்க, வண்டி சும்மாதான நிக்கிது" என்பார்கள். நானும் அப்படித்தான் சரி என்றேன்.

எனக்கு வயது இருபத்தொன்பது. ஓய்வு பெற்றவன் மாதிரிப் பேசுகிறானே என்று சிரிக்க வேண்டாம். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து, தேர்வு எழுதி, வேறு துறைக்குப் போகிறேன். போவதற்கு முன் நான் செய்த பெரிய தப்பை எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. கணினியைத் திறப்பது, மனுவுக்கு எண் போடுவது எல்லாம் உங்களுக்கே இரண்டு நாளில் வந்துவிடும். அதைச் சொல்லப் போவதில்லை.

நம் அறை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பின்பக்கம், பழைய பதிவறையை ஒட்டினாற்போல் ஒரே ஓர் அறை. மேசையும் மின்விசிறியும் அவர்கள் கொடுத்தவை. மின்விசிறி மூன்றாம் எண்ணுக்கு மேல் சுற்றாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் யாருக்காவது குறை என்றால் இந்த அறைக்கு எழுதலாம். உள்ளே இருப்பவர் குறைதீர்ப்பாளர், மாவட்டத்துக்கு ஒருவர். அவரே விசாரிப்பார், நேரில் போய்ப் பார்ப்பார், எந்த ஆவணத்தையும் கேட்டு வாங்குவார், ஆணை போடுவார்.

அவருக்கு உதவியாளனாக நான் சேர்ந்த அன்று அவருடைய பணி விதிகளை நகலெடுக்கச் சொன்னார்கள். அதில் ஒரு வரி: குறைதீர்ப்பாளர் மத்திய, மாநில அரசுகளின் அதிகார வரம்புக்குக் கட்டுப்படாமல் சுதந்திரமாகச் செயல்படுவார். நகல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அந்த வரியை நாலு தடவை படித்தேன். என் அப்பா பரவை சந்தையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து என்றால் மேலே இருக்கும் ஒருவர் போடுவது, அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மேலே யாரும் இல்லாத ஒரு கையெழுத்து, மூன்றாம் எண்ணுக்கு மேல் சுற்றாத மின்விசிறிக்குக் கீழே இருந்தது. சில நாடுகளில் நாடாளுமன்றமே இப்படி ஒருவரை நியமித்து, அமைச்சர்களையே கேள்வி கேட்க வைக்கிறது என்று பிறகு படித்தேன். நம்முடையது ஒரு மாவட்டத்து அளவு. ஆனாலும் நம் நாடாளுமன்றம் போட்ட சட்டத்திலிருந்து கிளம்பி வந்த கையெழுத்து.

அதைப் போடுகிறவர் ஓர் அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாங்கள் மேடம் என்போம். முழங்கால் வலி உண்டு. அதைப் பற்றிப் பேசினால் பிடிக்காது.

அந்தப் பங்குனியில் ஒரு மனு வந்தது. கோடு போட்ட தாளில் யாரோ எழுதிக் கொடுத்து, கீழே கைநாட்டு. சமயநல்லூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். பாண்டியம்மாள் என்கிற பெண் கண்மாய்க் கரையை வெட்டும்போது மண் சரிந்து அவர் காலில் விழுந்திருக்கிறது. திட்டத்து வேலையில் அடிபட்டால் வைத்தியம் பார்க்க வேண்டியது திட்டத்தின் பொறுப்பு. ஆனால் அன்று அவர் வேலைக்கே வரவில்லை, வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தார் என்று ஊராட்சியில் சொல்லிவிட்டார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் அதையே எழுதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அடி எங்கே பட்டது என்று கேட்பார்கள், வேலையில் என்று சொன்னால் விசாரணை வரும், ஊருக்கே வேலை நின்றுவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். பதினொரு நாளாக மூங்கில் பத்தை வைத்த நாட்டுக் கட்டோடு வீட்டில் கிடந்தார்.

நேரில் போவது என்று மேடம் முடிவு செய்தார். விசாரணைக்கு வருகிறோம் என்று ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் சொன்னது நான். அங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்தது: "மேடத்துக்கு முழங்கால் வலின்னாங்களே தம்பி. வண்டி அனுப்புறோம்." எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. மேடத்திடம் கேட்கக்கூட இல்லை.

காலையில் வாசலில் ஜீப்பைப் பார்த்ததும் மேடம் நின்றார்.

"இது யாரு வண்டி?"

"ஒன்றியத்துதுங்க மேடம். வெயிலா இருக்குன்னு நான்தான்..."

படியில் ஒரு காலை வைத்து, என்னைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்து போயிருந்தது. ஏறிவிட்டார். அந்த ஒரு நிமிடத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

கண்மாயில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். ஜீப் கரையேறும்போது கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் சிரிப்பும், நாங்கள் இறங்கும்போது இல்லை. ஊராட்சி செயலர் ஓடிவந்து மேடத்துக்குக் குடை பிடித்தார். "எனக்குக் கை இருக்கு" என்று மேடம் சொன்னார். அவர் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "தெரியலைங்க." "அன்னைக்கு அந்தக்கா வரலைங்க." பணித்தளப் பொறுப்பாளர் முத்துலட்சுமி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண். வருகிறவர்களைக் காலையிலும் மதியமும் கைபேசியில் படம் எடுத்து ஏற்ற வேண்டியது அவள் வேலை. அன்றைய படம் எங்கே என்றால், "சிக்னல் இல்ல மேடம், ஏறல" என்று செயலரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனோம். கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டுக்குக் கீழே பாதம் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. மேடம் வாய் திறப்பதற்குள் அவர் எங்களைத் தாண்டித் தெருவில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

"நான் வாசல்லதான் விழுந்தேன். எழுதிக்கங்க."

"மனுவுல வேற மாதிரி எழுதியிருக்கீங்களேம்மா?"

"அது கூறுகெட்டத்தனமா எழுதிட்டேன். வாசல்லதான்."

எழுதினேன். கைநாட்டு வைத்தார். சட்டப்படி அதோடு முடிந்தது. புகார் கொடுத்தவரே திரும்பப் பெற்றுவிட்டார்.

திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. ஓட்டுநர் ஐம்பது வயது மனிதர், கலகலப்பானவர். அமைதி அவருக்குத் தாங்கவில்லை.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீக. இந்த வண்டி உள்ள போனா அந்த ஊர்ல கோழிகூட ஓரமாப் போயிரும். போன மாசம் ஆக்கிரமிப்பு எடுக்கப் போனம்ல, இந்த வண்டியிலதான் போயி எறங்குனோம். அந்தம்மா வீட்டுக்கு முன்னால இருந்த கொட்டாயக்கூட நம்மாளுகதான் பிரிச்சாக."

சமயநல்லூர் பேருந்து நிறுத்தம் வந்தது.

"நிறுத்துங்க" என்றார் மேடம்.

"ஏங்கம்மா, டீ சாப்பிடவா?"

"எறங்க."

"ஐயய்யோ, பி.டி.ஓ. கேப்பாருங்கம்மா, ஏன்டா பாதியில எறக்கி விட்டேன்னு."

"கேட்டா, அந்தம்மாவா எறங்கிருச்சுன்னு சொல்லுங்க."

நகரப் பேருந்தில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்:

"உங்கம்மா இந்த வேலைக்குப் போறாங்கல்ல?"

"ஆமாங்க மேடம். எங்க ஊராட்சியில."

"அவங்களா இருந்தா இன்னைக்கு என்ன சொல்லிருப்பாங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "இதேதான் சொல்லியிருக்கும் மேடம். வாசல்ல விழுந்தேன்னுதான்."

பேருந்து பரவைக்கு வந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நகலெடுத்த விதிகளில் இன்னொரு வரி நினைவுக்கு வந்தது. யாரும் மனு கொடுக்காவிட்டாலும் குறைதீர்ப்பாளர் தானாகவே விசாரணையைத் தொடங்கலாம். அதுவரை அது எனக்கு ஒரு வரி, அவ்வளவுதான். பாண்டியம்மாளின் பாதத்தைப் பார்த்த பிறகுதான் அது எப்படிப்பட்ட கதவு என்று புரிந்தது. பயந்தவர் வாயை மூடிக்கொண்டாலும், அவருக்காகத் திறந்திருக்கிற கதவு. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "அத எடுக்கக் கூச்சமா இருக்கு. கெடுத்ததே நாமதான?" இறங்கும் இடம் வந்ததும், "நாளைக்கு ஆறு மணி பஸ்ஸு. யாருக்கும் போன் பண்ணாத" என்றார்.

மறுநாள் சமயநல்லூரில் இறங்கி, மினி பஸ் பிடித்து, கடைசியில் கரை மேல் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். என் மஞ்சப்பையில் விசாரணைக் கோப்பு இருந்தது. மேடம் மூன்று இடத்தில் நின்றார். வலி என்று சொல்லவில்லை, கண்மாயைப் பார்ப்பது போல் நின்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் தூக்குவாளியைத் திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "அடியே, நேத்து ஜீப்புல வந்த அம்மாடி. என்னம்மா, வண்டி பஞ்சரா?"

"வண்டி அவங்களது. நான் டவுன் பஸ்ல வந்தேன்."

"எங்கள மாதிரி ஓசி பஸ்ஸுலயா?"

"ஆமா. இவருக்கு மட்டும்தான் டிக்கெட்டு."

நாற்பது பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "பாவம், ஆம்பளையாப் பொறந்துட்டாரு!" என்றாள் ஒருத்தி. மேடம் கரையில் உட்கார்ந்து, தன் டப்பாவைத் திறந்து இட்லியைச் சாப்பிட்டார். அவர்கள் கஞ்சி கொடுத்தார்கள். "சாப்பிட்டேன்னா நாளைக்கு அத வச்சே பேசுவாங்கம்மா, வேணாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிறைய நேரம் கரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓர் இடத்தைக் காட்டி, "அந்த எடம் மட்டும் ஏன் குழிவா இருக்கு?" என்றார்.

பஞ்சரா என்று கேட்ட அந்தப் பெண்ணே சொன்னாள்: "அங்கனதான் சரிஞ்சது. பாண்டியம்மாக்கா முட்டி வரைக்கும் மண்ணு. நாங்க எட்டுப் பேரு சேந்து இழுத்தோம்." அடுத்து இன்னொருத்தி. "அம்புட்டு மண்ணும்மா. அடியில தோண்டாதீக, மேல நிக்கிது விழுந்துரும்னு அந்தக்காதான் மொதல்ல சொல்லுச்சு." பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் பேனா ஓடி மாளவில்லை.

"சொல்லிட்டோம். இனி வேலைய நிப்பாட்டிருவாகளா?" என்று ஒருத்தி கேட்டதும் சட்டென்று எல்லாரும் அடங்கினார்கள்.

"நிப்பாட்டக் கூடாதுன்னும் எழுதுவேன்" என்றார் மேடம்.

முத்துலட்சுமி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். கைபேசியைத் துப்பட்டாவுக்குள் பிடித்திருந்தாள். நான் அவளிடம் போய், "படம் உன் போன்ல இருக்குல்ல?" என்றேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். "என் வேலை போயிரும்ண்ணே. எங்க வீட்டுல நான் ஒருத்திதான்."

மேடம் என்னை வரச் சொல்லி, ஒரு தாள் வாங்கினார். விசாரணைக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு தன் கையாலேயே எழுதினார். இன்ன தேதியில் இந்தப் பணித்தளத்தில் எடுத்த படங்களை உடனே என்னிடம் ஒப்படைக்க வேண்டும். பெயர், பதவி, கையெழுத்து. அதை முத்துலட்சுமியிடம் நீட்டினார்.

"இத வச்சுக்க. நீயாக் குடுக்கல. நான் கேட்டு நீ குடுத்த. யாரு கேட்டாலும் இந்தத் தாளக் காட்டு. மிச்சத்த அவங்க எங்கிட்ட வந்து பேசட்டும்."

அந்தப் பெண் தாளை இரண்டு தடவை வாசித்தாள். எட்டாக மடித்துக் கைபேசியின் உறைக்குள் செருகிக்கொண்டாள். பிறகு படத்தைக் காட்டினாள். முதல் வரிசையில், மண்வெட்டியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாண்டியம்மாள் நின்றிருந்தார்.

அதிகாரம் என்றால் ஒருவரை நடுங்க வைப்பது என்றுதான் நான் அதுவரை பார்த்திருந்தேன். நடுங்கிக்கொண்டிருந்த ஒருத்திக்கு நிழலாகவும் அது இருக்கும் என்று அந்தக் கரையில்தான் பார்த்தேன்.

நாங்கள் அறைக்குத் திரும்பியபோது ஒன்றிய அலுவலகத்தின் தலைமை அதிகாரியான பி.டி.ஓ. வந்து காத்திருந்தார். அதட்டவில்லை. கெஞ்சுகிற குரல்தான்.

"மேடம், அந்தம்மாவ இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிர்றோம். நாங்களே ஆள் வச்சுப் பாத்துக்கிறோம். ஆர்டர் மட்டும் வேணாம்."

எனக்கு மனசு ஆடியது. அந்தப் பாதத்தைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாள் தாமதமும் அந்தக் காலுக்கு ஆபத்து. சரி என்று சொல்லிவிடுங்கள் மேடம் என்று உள்ளே கெஞ்சினேன்.

"ரொம்ப சந்தோஷம். இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்றார் மேடம். "ஆர்டர் அதுபாட்டுக்கு வரும்."

"ஆர்டர் வருதுன்னா நாங்க ஏன் மேடம் கூட்டிட்டுப் போகணும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது போலிருந்தது. முகம் மாறிவிட்டது. மேடம் அவரையே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டவனைப் பார்க்கிற பார்வையாக இருக்கலாம், தெரியவில்லை. அவர் எழுந்து வெளியே போய்க் கைபேசியில் பேசினார். ஒரு மணி நேரத்துக்குள் ஆம்புலன்ஸ் அந்தத் தெருவுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் ஆணையைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். சிகிச்சை முழுவதும் திட்டத்தின் பொறுப்பு. வேலையை நிறுத்தக் கூடாது. கரையை அடியில் குடைந்து வெட்டச் சொன்னவர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நான்காவது பத்தி வந்தது.

"முதல் நாள் விசாரணைக்கு, எந்த அலுவலகத்தின் மீது புகாரோ அந்த அலுவலகத்தின் வாகனத்திலேயே நான் சென்றேன். அது என் தவறு. அன்று மனுதாரரும் மற்றவர்களும் கூறியதை நான் சாட்சியமாக ஏற்கவில்லை."

என் விரல் நின்றுவிட்டது.

"மேடம், வண்டிய வரச் சொன்னது நான்."

"ஏறுனது யாரு?"

"இத எழுதாமயே ஆர்டர் நிக்கும் மேடம். படமே இருக்கு. இத வச்சே உங்களத் தப்பாப் பேசுவாங்க. அடுத்த மாசம் உங்க பதவி நீட்டிப்புக்கு ஃபைல் போகுது."

"அந்தம்மா வாசல்ல விழுந்தேன்னு கைநாட்டு வச்சது ஃபைல்ல இருக்குல்ல?"

"இருக்குங்க."

"பத்து வருசம் கழிச்சு அத ஒருத்தன் எடுத்துப் படிச்சா, பொய் சொன்னது யாருன்னு நெனப்பான்?"

"அடி" என்றார். தட்டச்சு செய்தேன். கையெழுத்துப் போட்டார். வழக்கமாகப் போடுகிற அதே கையெழுத்து. கொஞ்சம்கூட அவசரம் இல்லை.

அந்த மாதம் முழுவதும் அஞ்சலில் வரும் ஒவ்வோர் உறையையும் பயந்து பயந்து பிரித்தேன். நீட்டிப்பு ஆணை வந்தது. நான்காம் பத்தியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தா அவர் எழுதினார்? இல்லை. யாரும் கேட்க முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு தன்னைத் தானே கேட்டுக்கொள்வது எப்படி என்று விதிகளில் எங்கேயும் எழுதவில்லை. நான் நகலெடுத்தவன், எனக்குத் தெரியும்.

ஆணையின் பிரதியை மனுதாரரிடம் கொடுக்க வேண்டியது நம் வேலை. ஆணை போட்ட நான்காம் நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு முறிவு வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில். அறுவை முடிந்து காலில் வெள்ளைக் கட்டு. கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதம் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னதைப் பாண்டியம்மாள் யாருக்கோ நடந்தது போல் சொன்னார்.

"அது என்னய்யா தாளு? வாசி."

வாசித்தேன். நான்காம் பத்தியில் குரலை இறக்கி வேகமாகப் போகப் பார்த்தேன். விடவில்லை.

"நில்லு. அத மறுக்கா வாசி."

வாசித்தேன்.

"தப்புன்னு அந்தம்மாவே சொல்லுறாகளா? கையெழுத்துப் போட்டு?"

"ஆமாம்மா."

"எழுதச் சொல்லி மேல இருக்கவுக அதட்டுனாகளாக்கும்?"

"அவங்களுக்கு மேல யாரும் இல்லம்மா."

பாண்டியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேல ஆளே இல்லாமயா ஒத்துக்கிட்டாக?"

பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பாண்டியம்மாள் கையை ஊன்றி, முகத்தைச் சுளித்து, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேனா வச்சிருக்கியாய்யா? எழுது. வாசல்ல விழுந்தேன்னு நான் சொன்னது பொய்யி. கொட்டாயப் பிரிச்ச வண்டியப் பாத்துப் பயந்து சொன்னேன். கம்மாயிலதான் அடிபட்டுச்சு."

"இனி அதுக்குத் தேவையே இல்லம்மா. ஆர்டர் வந்துருச்சு."

"உங்களுக்குத் தேவையில்ல. எழுது."

எழுதினேன். அவரே ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கைநாட்டு வைக்க மை இல்லை. செவிலியர் மேசையில் போய்க் கேட்டு மைப்பெட்டி வாங்கிவந்தேன். கட்டைவிரலை அழுத்தித் தேய்த்து, தாளில் வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அந்தத் தாளை ஆணைக்கு அடுத்த பக்கமாகத் தைத்திருக்கிறேன். கோப்பு நம் அறையில் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. நீங்கள் சேர்ந்த அன்றே எடுத்துப் பாருங்கள்.